‘தொடாதே’ என்று சொல்லிக்கொடுத்தவர்

இராஜமாணிக்கம் ஓட்டுவது செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர். மாட்டு வண்டியைவிடக் கொஞ்சம் வேகமாகப் போகும், அவ்வளவுதான். ஆனால் மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிற மோட்டார் சைக்கிள் பந்தயத்தை அந்த மனிதர் கரைத்துக் குடித்திருந்தார். ஏழாங்கட்டைத் தோட்டத்தில் அவருக்கு மாணிக்கண்ணன் என்று பெயர். பந்தயம் நடக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வாத்தியார் என்பார்கள்.

வருடம் தவறாமல் சிப்பாங் பந்தயத் திடலுக்குப் போய், தடத்தின் ஓரத்தில் ஆரஞ்சு உடுப்பு மாட்டிக்கொண்டு கொடி பிடித்து நிற்பார். அந்த வேலைக்கு மார்ஷல் என்று பெயர். சம்பளம் கிடையாது. சோறு, தண்ணீர், ஒரு தொப்பி. அவர் மனைவி தனலெட்சுமி இதைச் சொல்லியே அவர் மானத்தை வாங்குவார்.

“தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போலாம்னா முட்டி வலிக்குதும்பாரு. கொடி புடிக்க மட்டும் நாள் பூரா வெயில்ல நிப்பாரு லா.”

மாணிக்கண்ணன் சிரித்துக்கொண்டே உடுப்புக்கு இஸ்திரி போடுவார்.

நான் சிரம்பான் பக்கம் லோபாக்கில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பிறந்தது ஏழாங்கட்டையில்தான். அந்தத் தோட்டத்தைப் பற்றி உருகிப் பேசுகிற ஆள் நானில்லை. அங்கே உருகுவதற்கு ஒன்றும் கிடையாது. பந்தயம் பார்க்கத்தான் போவேன். வீட்டில் தனியாகப் பார்த்தால் பந்தயம் வெறும் சத்தம். மாணிக்கண்ணன் பக்கத்தில் இருந்தால்தான் அது விளங்கும்.

பந்தயம் பார்க்கிற இடம் பழைய ஆயா கொட்டகை. ரப்பர் பால் வெட்டப் போன தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போன கட்டடம். கித்தா என்கிற ரப்பர் மரங்கள் போய் செம்பனை வந்து, தமிழ்க் குடும்பங்கள் பாதிக்கு மேல் அம்பாங்கான் பக்கம் வீடு வாங்கிக்கொண்டு போனபிறகு கொட்டகை காலியாகிவிட்டது. இடிக்கச் செலவாகுமே என்று கம்பெனி அதை அப்படியே விட்டு வைத்தது. மிச்சமிருந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு பெரிய டிவி வாங்கி மாட்டினார்கள்.

டிவியில் ஆங்கிலத்தில் மூச்சு விடாமல் பொரிந்து தள்ளுவார்கள். மாணிக்கண்ணன் சத்தத்தைக் குறைத்துவிட்டு எழுந்து நிற்பார். கேள்வி ஒவ்வொன்றாக வரும்.

“போல் பொசிசன்னா என்னாண்ணே?”

“தீமிதிக்கு மொத ஆளா நிக்கிறமே, அந்த எடம். ஆனா கங்காணி மகன்னு கெடைக்காது. மொத நாளு தனியா ஓட்டிக் காட்டணும். எவன் வேகமோ அவனுக்கு அது.”

“ஸ்லிப்ஸ்ட்ரீம்?”

“போர்ட்டிக்சன் ரோட்டுல லோரிக்குப் பின்னால ஒட்டிக்கிட்டுப் போனா காத்து அடிக்காம மோட்டாரு தானா இழுக்குதுல்ல? அதான். அங்க செஞ்சா கெட்டிக்காரன். இங்க செஞ்சா பொணம். செய்யாதீங்க.”

நீலக் கொடி என்றால் பின்னால் வேகமான ஆள் வருகிறான், ஒரு சுற்று பின்தங்கிய நீ வழி விடு என்று பொருள். பெரிய துரையின் ஜீப் வந்தால் நாம் சைக்கிளை ஓரம் கட்டுவது மாதிரி என்றார். ஒரு காலத்தில் வேலையாட்களை மேற்பார்த்த பழைய மண்டோர் முனியாண்டி உடனே, “அப்ப நமக்கெல்லாம் பொறந்ததுலேருந்து நீலக் கொடிதான் காட்டுறானுங்க” என்றார். கொட்டகையே சிரித்தது.

பாடம் கேட்டவர்களில் கெட்டிக்காரி மோகனா. செனவாங்கில் எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை. தன் சின்ன கப்சாய் மோட்டாரில் தினமும் போய் வருகிறவள். ஒரு தடவை கேட்டால் போதும், அடுத்த வாரம் அதை மற்றவர்களுக்குத் திருப்பிச் சொல்வாள். லோசைட் என்றால் வளைவில் சக்கரம் வழுக்கி வண்டி அடியில் சறுக்கிப் போவது; ஆள் பின்னாலேயே தேய்ந்துகொண்டு போவான், பெரும்பாலும் எழுந்து நடந்து விடுவான். ஹைசைட் என்றால் வழுக்கிய பின்சக்கரம் திடீரென்று தரையைப் பிடித்து ஆளைத் தூக்கி எறிவது. அதுதான் மோசம். கையை வண்டியாக்கிச் சாய்த்துச் சாய்த்து அவள் காட்டினால் யாருக்கும் புரிந்துவிடும்.

அவள் கணவன் ஹேமநாதனுக்குப் பந்தயம் என்றால் தூக்கம். மனைவி வருகிறாளே என்று வருவான். எல்லோருக்கும் கச்சான் கடலை வாங்கி வருவான். பத்து நிமிடத்தில் பின் சுவரோரம் மல்லாந்து படுத்துக் குறட்டை விடுவான். இன்ஜின் சத்தத்தையும் மீறி அந்தக் குறட்டை கேட்கும். “இவன ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லும்மா” என்று முனியாண்டி கத்துவார். மோகனா போய்த் தோளில் இடித்தால் குறட்டை நிற்கும். அவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். யாரிடமும் ஒரு கடுஞ்சொல் பேசாதவன்.

ஒரு நாள் டிவியில் ஒருவன் விழுந்து அசையாமல் கிடந்தான். சுற்றி நின்ற மார்ஷல்கள் கொடியை ஆட்டினார்களே தவிர அவனைத் தூக்கவில்லை. முனியாண்டிக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஓடிப்போயி தூக்க வேணாமா? மனுசனுங்களா இவனுங்க?”

“தூக்கக் கூடாது மண்டோரே” என்றார் மாணிக்கண்ணன். “விழுந்தவனத் தொடவே கூடாது. முதுகெலும்பு விட்டிருந்தா, நீங்க அசைக்கிற அசைப்புல உள்ள நரம்பு அறுந்துரும். அப்புறம் ஆயுசுக்கும் படுக்கைதான். ஹெல்மெட்டக் கழட்டக் கூடாது. மஞ்சக் கொடி காட்டி மத்தவன மெதுவாப் போக வைக்கணும். டாக்டரு வர்றவரைக்கும் காத்திருக்கணும். எங்களுக்கு மொத பாடமே அதான்.”

“தொடாதே, கழட்டாதே, கொடி காட்டு, காத்திரு” என்று மோகனா விரல் மடக்கிச் சொன்னாள். எல்லோரையும் ஒருமுறை சொல்ல வைத்தாள். நானும் சொன்னேன். மாணிக்கண்ணன் முகத்தில் அன்றைக்கு இருந்த பெருமையை நான் பார்த்தேன்.

அதற்குள் டிவியில் டாக்டர் கார் வந்து நின்றுவிட்டது. விழுந்தவன் பக்கத்தில் இரண்டு பேர் முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அது எவ்வளவு சீக்கிரம் வந்தது என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. சிப்பாங்கில் காத்திருப்பது ஒரு வாய் தேநீர் குடிக்கிற நேரம். ஏழாங்கட்டையில் எவ்வளவு நேரம் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முன்பு இந்தத் தோட்டத்துக்குள்ளேயே சின்ன ஆஸ்பத்திரி இருந்தது, காயத்துக்கு மருந்து கட்டுகிற டிரசர் ஒருவர் இருந்தார். லாபம் போதவில்லை என்று கம்பெனி அதை மூடியது. இப்போது அங்கே புல்லைக் கொல்கிற மருந்து டப்பாக்கள் அடுக்கியிருக்கின்றன.

சிப்பாங் பந்தய நாள் வந்தது. மாணிக்கண்ணன் அங்கே கொடி பிடிக்கப் போய்விட்டார். டிவியில் ஆரஞ்சு உடுப்புக்காரர்களைக் காட்டும்போதெல்லாம் அவர் தெரிகிறாரா என்று எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். எனக்குக் கடையில் வேலை முடியாததால் போகவில்லை. இங்கே சொல்வது பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது.

மத்தியானம் மழை பெய்து விட்டிருந்தது. ஐஸ் தீர்ந்துவிட்டதென்று ஹேமநாதன் மோகனாவின் மோட்டாரை எடுத்துக்கொண்டு பெரிய ரோட்டுக் கடைக்குப் போனான். திரும்பி வருகிற வழியில், கொட்டகைக்குக் கீழே இருக்கும் வளைவில், லோரியிலிருந்து விழுந்த ஒரு செம்பனைக் குலை நடு ரோட்டில் கிடந்தது. விழுந்த குலையை எடுக்க ஆள் வைப்பதைக் கம்பெனி எப்போதோ நிறுத்திவிட்டது. மோட்டார் விழுந்த சத்தம் கேட்டு எல்லோரும் இறங்கி ஓடினார்கள். ஹேமநாதன் மல்லாந்து கிடந்தான். முகமெல்லாம் ரத்தம். தலையில் அரை ஹெல்மெட். நினைவு இல்லை.

முனியாண்டி அவன் தோளுக்கடியில் கை கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காய்கறி கொண்டு வருகிற சித்திக் தன் வேனைப் பின்பக்கமாக எடுத்து நிறுத்திக் கதவைத் திறந்தும் விட்டார்.

“ஏத்துங்க, சிரம்பானுக்கு நான் ஓட்டுறேன்” என்றார் சித்திக்.

மோகனா முனியாண்டியின் கையைத் தட்டிவிட்டாள்.

“தொடாதீங்க! யாரும் தொடாதீங்க! முதுகெலும்பு போயிரும். மாணிக்கண்ணே என்னா சொன்னாரு?”

அவள் சொன்னதும் எல்லோருக்கும் பாடம் ஞாபகம் வந்தது. தோட்டமே சொன்னபடி நடந்தது. ஒருவர் கோயிலுக்கு ஓடி அம்மனுக்குச் சாத்தும் மஞ்சள் துணியைக் கொண்டு வந்து மேல் வளைவில் நின்று ஆட்டினார். இன்னொருவர் கீழே நின்று வண்டிகளை மறித்தார். யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். ஹெல்மெட்டை யாரும் தொடவில்லை. மோகனா கணவன் பக்கத்தில் மண்டியிட்டு, தூறலுக்குக் குடை பிடித்து, யாரையும் நெருங்க விடாமல் காவல் காத்தாள். அவன் தொண்டையிலிருந்து கர்கர் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது.

“மூச்சு இருக்கு. குறட்டை மாதிரி நல்லா கேக்குது. பயமில்ல” என்று அவளே மற்றவர்களுக்குத் தைரியம் சொன்னாள்.

ஆம்புலன்ஸ்காரர்களுக்குப் போன் காட்டிய வழி தோட்டத்தின் பின் கேட்டுக்கு. குலை திருட்டுக்குப் பயந்து கம்பெனி அங்கே சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த ஆள் ஞாயிற்றுக்கிழமை ஊரில் இல்லை. அவர்கள் சுற்றிக்கொண்டு முன் வழியாக வந்து சேர்ந்தபோது, குறட்டை நின்று வெகு நேரம் ஆகியிருந்தது.

மாணிக்கண்ணனுக்குப் பந்தயம் முடியும்வரை போனைத் தொட அனுமதி இல்லை. திறந்ததும் மோகனாவின் குரல்தான். அவள் அழவில்லை. சிப்பாங்கில் ஒரு மார்ஷல் இன்னொரு மார்ஷலுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

“ஹைசைட் அண்ணே. பின்சக்கரம் வழுக்கி, திருப்பிப் புடிச்சு, தூக்கி அடிச்சிருச்சு. நாங்க யாரும் தொடல. நீங்க சொன்ன மாதிரியே எல்லாம் செஞ்சோம்.”

ஆரஞ்சு உடுப்போடு அப்படியே சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். டாக்டர் ஷஹீதா என்று தமிழ் பேசுகிற இளம் டாக்டர். உடுப்பைப் பார்த்து, விபத்துகளில் வேலை செய்கிற ஆள் போலிருக்கிறது என்று நினைத்து, மறைக்காமல் பேசிவிட்டார்.

“கழுத்துலயும் முதுகுலயும் ஒண்ணுமே இல்லங்க. தலையிலயும் பெரிய அடியில்ல. மூக்கும் வாயும் ஒடஞ்சு, அந்த ரத்தம் தொண்டைக்குள்ள எறங்கி மூச்ச அடைச்சிருக்கு. மல்லாக்கவே கெடந்திருக்காரு. ஒரு பக்கமாத் திருப்பி விட்டிருந்தா ரத்தம் வெளிய வந்திருக்கும்.”

“பொழச்சிருப்பானாம்மா?”

“பொழச்சிருக்கலாம்” என்றார் டாக்டர். குரலைத் தாழ்த்தி, “அவரு வைஃப்கிட்ட இத நான் சொல்லல. இன்னைக்கு அவங்க தாங்க மாட்டாங்க. நீங்க பாத்து எப்பவாச்சும் சொல்லுங்க” என்றார்.

மாணிக்கண்ணனுக்கு இது புதிதல்ல. அதுதான் கொடுமை. மார்ஷல் பயிற்சியில் அவருக்கு முழுதாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். டாக்டர் உடனே வருவார் என்பதால்தான் தொடாதே என்கிறோம்; வர மாட்டார் என்றால் மூச்சுதான் முதல், முதுகெலும்பு பிறகு; கர்கர் சத்தம் கேட்டால் தலையையும் உடம்பையும் சேர்த்துப் பிடித்து ஒரு பக்கமாகத் திருப்பு. அவர் அதற்குச் சான்றிதழ்கூட வாங்கியவர். கொட்டகையில் டிவியில் தெரிவதற்கு மட்டும் விளக்கம் சொன்னார். பந்தய ரசிகனுக்கு அதற்கு மேல் எதற்கு என்று நினைத்திருப்பார். வேறு யாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

கருமாதி முடிந்த மத்தியானம் மோகனா அவர் முன்னால் வந்து உட்கார்ந்தாள். எத்தனையோ நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது.

“நான் செஞ்சது சரிதானே அண்ணே? மண்டோரு தூக்க வந்தாரு. சித்திக் நானா வேனோட நின்னாரு. நாந்தான் விடல. சரிதானே?”

மாணிக்கண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார்.

“சரிதாம்மா. ரூல் அதான்” என்றார்.

அவள் தலையாட்டினாள். உள்ளே போய் ஒரு தட்டில் சோறு போட்டுச் சாப்பிட்டாள். அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மறுபடி வேலைக்குப் போனாள், மறுபடி மோட்டார் எடுத்தாள்.

பொய் சொன்னவருக்குத்தான் சோறு இறங்கவில்லை. என் கடைக்கு வந்து பழைய டயர் மேல் உட்கார்ந்துகொண்டு, டாக்டர் சொன்னதை என்னிடம் சொன்னார்.

“ஆயிரம் பேரக் கொன்னவன் அரை வைத்தியன்னு வெளையாட்டாச் சொல்வாங்க. நான் ஒருத்தனோட நிறுத்தியிருக்கேன்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ரோட்டில் குலையை விட்டவன் யார், கேட்டைப் பூட்டியவன் யார், ஆஸ்பத்திரியை மூடியவன் யார் என்று கத்தினேன். அவர்களெல்லாம் நன்றாகத் தூங்குகிறார்கள், இவர் மட்டும் ஏன் சாக வேண்டும்?

“அவனுங்க தப்பு அவனுங்களோட. என் தப்பு என்னோட” என்றார். “உண்மையச் சொன்னா அந்தப் புள்ள ஒடஞ்சிரும். புருசன நாந்தான் சாவ விட்டேன்னு நெனைக்கும். சொல்லாட்டி, தோட்டத்துல அத்தன பேரு மண்டையிலயும் நான் போட்ட பாதிப் பாடம் கெடக்குது. நாளைக்கு இன்னொருத்தன் விழுந்தா?”

 

அவர் பாடம் சொல்வதை நிறுத்தினார். மீதிப் பந்தயங்கள் ஆங்கிலச் சத்தத்தோடு ஓடின. புது வருடத்தில் முதல் பந்தயத்துக்கு மோகனா மறுபடி கொட்டகைக்கு வந்தாள். கச்சான் வாங்கி வந்திருந்தாள். அன்றைக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சுகுமாறன் என்ற லோரி டிரைவரும் அவன் வீட்டாரும் புதிதாக வந்திருந்தார்கள். நானும் இருந்தேன்.

இரண்டாவது சுற்றிலேயே ஒருவன் விழுந்தான். அசையவில்லை. மஞ்சள் கொடிகள் ஆடின.

“ஏன் யாரும் தூக்க மாட்டேங்குறானுங்க?” என்று கேட்டான் சுகுமாறன்.

எல்லோரும் மாணிக்கண்ணனைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார். மோகனா எழுந்து நின்றாள்.

“தூக்கக் கூடாதுங்க. தொடாதே, கழட்டாதே, கொடி காட்டு, காத்திரு. நாலே விசயம்தான். ரோட்டுல யாரு விழுந்தாலும் அப்படித்தான் செய்யணும்.” அவள் குரல் நடுங்கவில்லை. “எங்க வீட்டுக்காரரு விழுந்தப்பக்கூட நான் யாரையும் தொட விடல. விதி முடிஞ்சு போச்சு, போயிட்டாரு. ஆனா நாங்க செஞ்சது சரி. மாணிக்கண்ணேதான் சொல்லிக்குடுத்தாரு.”

சுகுமாறனின் மனைவி மடியில் தூங்கிய குழந்தையைத் தட்டிக்கொண்டே, மனதில் பதிய வைப்பதுபோல அந்த நாலையும் மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

மாணிக்கண்ணன் எழுந்து டிவியை அணைத்தார். சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“மோகனா” என்றார். “உங்கிட்ட நான் பொய் சொல்லிட்டேன்மா.”

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் ஷஹீதா சொன்னதை, பயிற்சியில் தான் படித்ததை, அதில் பாதியை விழுங்கிவிட்டு மீதியை மட்டும் இந்தக் கொட்டகையில் சொன்னதை. அந்தக் கர்கர் சத்தம் எதனால் வந்தது என்பதையும் சொன்னார். நிறுத்தாமல் சொல்லி முடித்தார்.

“நீ செஞ்சது தப்பில்ல. சொன்னத சொன்னபடி செஞ்ச. தப்பு சொன்னவனோடது.”

முனியாண்டி தோள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மோகனா நின்ற இடத்திலேயே நின்றாள். அழுவாள், அடிப்பாள், ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் பின் சுவரோரம், ஹேமநாதன் வழக்கமாகப் படுக்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்படித் திருப்பணும்?” என்று கேட்டாள்.

மாணிக்கண்ணனுக்கு முதலில் புரியவில்லை.

“எப்படித் திருப்பணும்னு காட்டுங்கண்ணே.”

அவர் சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்தார். மோகனாவைத் தலைமாட்டில் மண்டியிடச் சொன்னார். இரண்டு கையாலும் தலையைக் காது பக்கமாகப் பிடி, கழுத்து தனியாகத் திரும்பக் கூடாது என்றார். முனியாண்டியை ஒரு பக்கமாக உட்கார வைத்து, தோளிலும் இடுப்பிலும் கை கொடுக்கச் சொன்னார். நீ சொல்லும்போது எல்லோரும் ஒன்றாகத் திருப்ப வேண்டும் என்று மோகனாவிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

“இப்ப” என்றாள் மோகனா.

திருப்பினார்கள். அந்தப் பெரிய உடம்பு சிரமமில்லாமல் ஒருக்களித்தது. வாய் தரைப் பக்கம் சாய்ந்தது. மோகனா அவர் தலையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“இவ்வளவுதானா அண்ணே?” என்றாள்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

“இவ்வளவுதாம்மா” என்றார்.